வலது பக்கத்து முன்கால்

அந்த நாற்காலியில் கை வைத்துவிடாதீங்க அக்கா. முதுகுப் பலகைக்குக் காலையில்தான் பசை போட்டேன், இன்னும் காயவில்லை. கட்டிலில் உட்காருங்க. துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்காருங்க. நான் அதற்குப் போடுகிற இந்தப் புதுக் காலைத் தேய்த்துக்கொண்டே பதில் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீங்க. உப்புத்தாள் ஓடினால்தான் எனக்கு வாய் ஓடும். கை சும்மா இருந்தால் வாயும் நின்றுவிடும். சின்னதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் பெயர் வாசித்தால் ‘உள்ளேன் ஐயா’ சொல்லக்கூட எனக்கு வாய் வராது, பக்கத்தில் இருக்கிற பிள்ளைதான் எனக்கும் சேர்த்துச் சொல்லும். அந்தப் பள்ளிக்கூடமும் ஆறாம் வகுப்போடு சரி.

சத்தம் தொந்தரவாக இருக்கிறதா? இல்லையே? சரி.

அவர் வாசலில்தான் நிற்கிறார். உங்கள் ஆட்டோக்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். பொம்பளைகள் பேசுகிற இடத்தில் எனக்கென்ன வேலை என்று அவராகவேதான் எழுந்து போனார். மரியாதை தெரிந்தவர். மர டிப்போவில் லோடு ஏற்றுகிற வேலை. செங்கோட்டையில் யாரிடம் வேண்டுமானாலும் கோமதிநாயகம் என்று கேட்டுப் பாருங்க, ஒரு சொல் குறை சொல்ல மாட்டார்கள்.

பிள்ளையைப் பார்க்கிறீங்களா? பார்க்கலாம். இப்போதுதான் தூங்கினாள். மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்திருக்கிறேன், டாக்டரம்மா அப்படித்தான் வைக்கச் சொன்னது. குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர். நாங்கள் குழலு என்று கூப்பிடுவோம். நாலரை வயது. பிறந்தபோது அழவில்லை, அதனால் மூளைக்குக் காற்றுப் போகவில்லை என்றார்கள். பேச்சு வராது. நடக்க வராது. ஆனால் எல்லாம் புரியும் அக்கா. நீங்கள் வந்ததும் உங்கள் வளையலைப் பார்த்தாளே, கவனித்தீங்களா?

கை எப்படி ஒடிந்தது என்றுதானே கேட்டீங்க. என் தப்புதான். அப்படியே எழுதிக்கொள்ளுங்க. அம்மா செல்லக்கனி செய்த நாற்காலி, அம்மா செய்த தப்பு. ஒரு தப்பு இல்லை, நிறைய. எல்லாம் சின்னச் சின்னத் தப்பு. முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரிசையாக வரும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் பிள்ளையைக் கொண்டுபோக வரவில்லையே? இல்லை, அவர் சொன்னார். “பிள்ளைய பாதுகாக்கிற ஆபீசிலேருந்து வாராவ. நீ பாட்டுக்கு எதையாவது உளறி வச்சே, பிள்ளையத் தூக்கிட்டுப் போயி ஹோமில போட்டுருவாவ. அப்புறம் நீ குற்றாலத்து அம்மனத்தான் கொஞ்சணும்” என்றார். அதனால்தான் கேட்டேன். அதெல்லாம் அப்புறம் என்கிறீங்க. சரி, அப்புறம்.

தென்காசியில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி மையம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன். அங்கே ஒரு நாற்காலி. மற்ற நாற்காலி மாதிரி இல்லை. முதுகுப் பலகை இரண்டு, சுவர் மூலை மாதிரி ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். அந்த மூலைக்குள் பிள்ளையை வைத்து, வயிற்றில் வாரைப் போட்டால் சாயாது. பயிற்சி டீச்சர் குழலுவை அதில் வைத்தது. அக்கா, அதுவரைக்கும் அவள் படுத்தபடிதான் என்னைப் பார்த்திருக்கிறாள். நான் குனிந்துதான் அவளைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நேருக்கு நேர் பார்த்தாள். ஒரு நிமிஷம் என்னை யாரென்றே தெரியாத மாதிரி பார்த்துவிட்டு, அப்புறம் சிரித்தாள்.

மையத்தில் இருந்தது ஒரே நாற்காலி. வீட்டில் தினமும் உட்கார வைத்தால்தான் முதுகு நிற்கும் என்று டீச்சர் சொன்னது. ஒரு தாளில் படம் போட்டு, அளவெல்லாம் எழுதி, ஒரு ஆசாரியிடம் கொடுங்க என்று கையில் தந்தது. அவரிடம் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். “இவளுக்கு இனி சிம்மாசனம் வேறயா? கிரீடம் எப்போ?” என்றார். தமாஷாகத்தான். அவர் எதையுமே தமாஷாகத்தான் சொல்வார். ஆசாரி கீசாரி பேச்செல்லாம் வீட்டில் எடுக்கக் கூடாது என்றும் சொன்னார்.

சரி, நாமே செய்வோம் என்று இருந்தேன். விறகுக்கு டிப்போவிலிருந்து துண்டுக்கட்டை கொண்டுவருவார். பின்னால் குவிந்துதான் கிடக்கிறது. அடுத்த வீட்டு ஆவுடை மைனியின் வீட்டுக்காரர் ஆசாரி, கேரளாப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார், பழைய சாமானெல்லாம் சாக்கில் கட்டிப் பரணில் கிடந்தது. ரம்பம், இழைப்புளி, மூன்று உளி, மரச்சுத்தியல் மாதிரி கொட்டாப்புளி, மூலைமட்டம். “கொண்டு போ பிள்ள. துருப்பிடிச்சுத்தான் கெடக்கு, அவரைப் போலவே” என்று மைனி இறக்கித் தந்தாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முதல் தப்பு அறுக்கிறதில். டேப் வைத்து அளந்து, பென்சிலால் கோடு போட்டு, கோட்டின் மேலேயே ரம்பத்தை வைத்து அறுத்தேன். ரம்பத்துக்கும் ஒரு கனம் இருக்கிறது, அதுவும் கொஞ்சம் மரத்தைத் தின்னும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கோட்டை ஒட்டி வெளியே அறுக்க வேண்டும். நான் கோட்டையே தின்ன விட்டுவிட்டேன். நாலு கால் அறுத்தால் நாலும் நாலு உயரம். நாற்காலி ஆடியது. நீளமான காலில் கொஞ்சம் எடுத்தேன். இந்தப் பக்கம் ஆடியது. இதில் கொஞ்சம் எடுத்தேன். அந்தப் பக்கம் ஆடியது. பதினோரு அங்குலத்தில் ஆரம்பித்த கால் கடைசியில் ஏழு அங்குலத்துக்கு வந்து நின்றது. அவர் வந்து பார்த்துவிட்டு, “இன்னும் ரெண்டு நாள் அறுத்தேன்னா மணைப்பலகை ஆயிரும். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம்” என்றார். ஆவுடை மைனிகூடக் கேட்டுச் சிரித்தாள். வாய் அவருக்கு அப்படி.

அப்புறம் இழைக்கிறது. மரத்துக்கு ஒரு ஓட்டம் உண்டு அக்கா, பூனை முதுகில் முடி போகிற மாதிரி. அந்தப் பக்கமாக இழைத்தால் வழவழவென்று வரும், சுருள் சுருளாக விழும். எதிர்ப்பக்கம் தள்ளினால் பிய்த்துக்கொண்டு வரும். எனக்குத் தெரியவில்லை. உட்காருகிற பலகையை எதிர்ப்பக்கமாகவே இழைத்து இழைத்து, பிள்ளை தொடையில் சிலாம்பு ஏறிவிட்டது. அழக்கூடத் தெரியாது அவளுக்கு, முகம் மட்டும் கோணும். ஊசி வைத்து எடுத்தேன்.

ஓரத்தில் ஆணி அடித்து ஒரு பலகை பிளந்தது. அது மூன்றாவது.

நாலாவதுதான் பெரிய பாடம். கால் தலையில் நாக்கு மாதிரி செதுக்கி, உட்காருகிற பலகையில் பொந்து போட்டு, நாக்கைப் பொந்தில் சொருகுகிறது. படத்தில் அப்படித்தான் இருந்தது. செய்தேன், இறுக்கமாகவும் இருந்தது. ஆனால் கட்டை பச்சை மரம். அறுத்துப் பத்து நாள்கூட ஆகாத மரம். வெயில் காலம் வேறு. மூன்று வாரத்தில் நாக்கெல்லாம் காய்ந்து சுருங்கி, பொந்துக்குள் லொடலொடவென்று ஆகிவிட்டது. ஒரு நாள் காலையில் கூட்டுவதற்காக நாற்காலியைத் தூக்கினேன். கால் நாலும் அங்கேயே நின்றது. பலகை மட்டும் கையோடு வந்தது. நல்ல வேளை, பிள்ளை பாயில் இருந்தாள். பால்பல் விழுகிற மாதிரிதான். ஒடியவில்லை, பிளக்கவில்லை, வலிக்காமல் கழன்றது. நாக்கு நாக்காகவே இருந்தது, பொந்து பொந்தாகவே இருந்தது.

அவர் அதை உடைத்து அடுப்புக்குப் போட்டார். நான்தான் போடச் சொன்னேன். இல்லை, அவர் போட்டார், நான் சரி என்றேன்.

“என்னட்டி, மேடத்துக்குக் கலர் சோடா வாங்கியாரட்டுமா?”

கேட்டதா? அவர்தான். வேண்டாம் என்கிறீங்களா? “வேண்டாமாம்!” பார்த்தீங்களா, கவனிப்பு. அன்றைக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது அவர்தான். செருப்பு கழன்றதைக்கூடப் பார்க்காமல் ஓடினார். அங்கே நர்ஸம்மா முன்னால் உட்கார்ந்து அழுததும் அவர்தான். எனக்கு அழுகை வரவில்லை. அதனால்தான் அந்த நர்ஸம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தது என்று நினைக்கிறேன். அப்புறம்தானே உங்களுக்குத் தகவல் வந்தது?

அந்த டாக்டரம்மாவும் நீங்கள் கேட்ட மாதிரியே கேட்டது. வீட்டுக்காரர் அடிப்பாரா என்று. குடிக்க மாட்டார் அக்கா, அதை முதலில் எழுதுங்க. ஒரு சொட்டு தொட மாட்டார். கல்யாணமாகி ஆறு வருஷம், என்மேல் ஒரு நாள் கை வைத்ததில்லை. சாமான் மேல்தான். கோபம் வந்தால் தட்டு போகும், தூக்குச்சட்டி போகும், ஒரு தடவை போன் போனது. கதவில் அந்தக் குழி தெரிகிறதா? அது போன பொங்கல். சாமானோடு போய்விடும். அஞ்சு நிமிஷம்தான், அப்புறம் அவரே பொறுக்கி வைப்பார். எனக்கு அது பழகிவிட்டது. சத்தம் கேட்டால் நான் என் வேலையைப் பார்ப்பேன். நடுவில் போனால்தான் வம்பு.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆமாம், இரண்டாவது நாற்காலி.

இதைத்தான் சொல்கிறேன், இங்கே மூன்று காலில் சாய்ந்து நிற்கிறதே, இது. இதற்குப் பச்சை மரமே தொடவில்லை. டிப்போவில் பழைய வீடு இடித்த நிலைச்சட்டம் வந்தது, வேங்கை மரம், எத்தனை வருஷம் காய்ந்ததோ. அதில் நாலு துண்டு விறகோடு விறகாக வந்திருந்தது. ஒளித்து வைத்துவிட்டேன். இரண்டு மாதம் ஆனது. அவர் டிப்போவுக்குப் போனதும் ஆரம்பிப்பேன், பிள்ளை பக்கத்தில் பாயில் கிடப்பாள், இழைக்கிற சுருளை எடுத்து அவள் வயிற்றில் போடுவேன், அதைப் பார்த்துச் சிரிப்பாள். அவர் வருகிற நேரத்துக்குள் பெருக்கி எடுத்துவிடுவேன். கோட்டுக்கு வெளியே அறுத்தேன். ஓட்டம் பார்த்து இழைத்தேன். ஆணியே இல்லை. நாக்கைப் பொந்துக்கு ஒரு மயிரிழை பெரிதாகவே விட்டு, மெல்ல மெல்லச் சீவி, கொட்டாப்புளியால் தட்டித் தட்டி உள்ளே ஏற்றினேன். கடைசித் தட்டில் ‘டொம்’ என்று ஒரு சத்தம் வரும் பாருங்க, அதற்கு அப்புறம் அது ஒரே மரம்.

ஆவுடை மைனியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். மைனி பெரிய உடம்பு. “ஏ பிள்ள, ஒடிஞ்சா என்ன கேக்கப்பிடாது” என்று சொல்லிவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தாள். நாற்காலி முக்கவில்லை, முனகவில்லை. என் கையில் இருந்த முறத்தை வாங்கி அங்கேயே உட்கார்ந்து அரைப்படி அரிசி பொறுக்கிவிட்டுத்தான் எழுந்தாள்.

தப்பு இல்லை என்று சொல்லவில்லை. இதிலும் தப்பு உண்டு. சொல்கிறேன், எழுதுங்க.

வார். பயிற்சி டீச்சர் பட்டன் வைத்த வார் போடச் சொன்னது. நான் சேலைக் கரையைக் கிழித்து, மூன்று புரியாகப் பின்னி, முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டேன். கெட்டியாக இருக்கட்டும் என்று இரட்டை முடிச்சு. அவசரத்துக்கு அவிழ்க்க வராது. நாற்காலி சாய்ந்தபோது பிள்ளை தனியாக விழுந்திருந்தால் கை பிழைத்திருக்கும். கட்டிப்போட்டிருந்ததால் நாற்காலியோடு சேர்ந்து விழுந்தாள், அத்தனை பாரமும் கைமேல். அது என் தப்பு.

இரண்டாவது, வைத்த இடம். வாசலுக்கு நேரே வைப்பேன், அவளுக்குத் தெரு பார்க்க வேண்டும். ஆடு போகும், பள்ளிக்கூட வேன் போகும். அவர் மூன்று தடவை சொன்னார், வழியில வைக்காதே, வழியில வைக்காதே என்று. நான் கேட்கவில்லை.

மூன்றாவது, கணு. வலது பக்கத்து முன்காலில் ஒரு கணு இருந்தது. பார்க்க அழகாக, கண் மாதிரி இருந்தது. அதை வெளிப்பக்கமாக வைத்து இழைத்தேன். கணு இருக்கிற துண்டைக் காலுக்குப் போடவே கூடாது என்று அப்புறம்தான் மைனி சொன்னாள். ஒடிந்தது அந்தக் கால்தான்.

அன்றைக்கு வியாழக்கிழமை. லோடு வரவில்லை என்று பதினொரு மணிக்கே வந்துவிட்டார். டிப்போவில் யாரோ, “உம் பொண்டாட்டி ஆசாரி வேலைக்கு எறங்கிட்டாளாமே. எங்க வீட்டுக்கும் ஒரு முக்காலி செஞ்சு தரச் சொல்லு. நீ வேணா சோறாக்கு” என்று சொல்லியிருக்கிறார்கள். ஆம்பளைக்கு அது கேட்க எப்படி இருக்கும்? என் தப்புதான் அதுவும். மைனியைக் கூப்பிட்டு உட்கார வைத்தது நான்தான், மைனி வாய்க்குக் கதவு கிடையாது.

நான் உள்ளே உலை வைத்திருந்தேன். அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசலில் நின்று, “உம் மகாராணிய வழிய விடச் சொல்லு” என்றார். “இதோ, அரிசியப் போட்டுட்டு வாரேன்” என்றேன். “இப்பம் வாட்டி” என்றார். “ஒரு நிமிசம், கை ஈரம்” என்றேன்.

அப்புறம் நாற்காலி சரிந்தது.

அவ்வளவுதான். கால் ஒடிந்தது, நாற்காலி சரிந்தது, கை ஒடிந்தது. எழுதியாயிற்றா? இந்தத் தடவை எல்லாம் சரி பண்ணிவிட்டேன் அக்கா. வாருக்குப் பட்டன் வாங்கி வைத்திருக்கிறேன், ஒரே இழுப்பில் அவிழும். நாற்காலியை இனி அந்த மூலையில்தான் போடுவேன், அலமாரிக்குப் பின்னால், வாசலிலிருந்து பார்த்தால் தெரியாது. தெரு தெரியாதுதான், சுவரில் ஒரு காலண்டர் மாட்டிவிடுகிறேன். அப்புறம் இந்தக் கால், தொட்டுப் பாருங்க, பழையது ஒன்றரை அங்குலக் கனம், இது இரண்டே கால். கணு இல்லாத துண்டு. இதை இனி என்ன செய்தாலும் ஒன்றும் ஆகாது.

என்ன வாசிக்கிறீங்க? நான் சொன்னதா? வாசியுங்க.

இருங்க. அந்த வரி. ‘பாரம் தாங்காமல் கால் முறிந்தது’ என்றா எழுதியிருக்கீங்க?

இல்லை, அப்படி எழுதாதீங்க. தப்பு என்னுடையது என்று எழுதுங்க, நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பாரம் தாங்காமல் என்று எழுதாதீங்க. பதினோரு கிலோ பிள்ளை அக்கா. அரிசி பொறுக்கி முடிக்கிற வரைக்கும் ஆவுடை மைனி உட்கார்ந்திருந்த நாற்காலி இது. பதினோரு கிலோ தாங்காதா? தானாக விழுந்த நாற்காலி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் நாற்காலியைப் பார்த்தவள் நான். அது நாக்கு கழன்று விழுந்தது. இது நாக்கு கழலவே இல்லை. இன்னும் பொந்துக்குள் அப்படியே இருக்கிறது, இந்தப் புதுக் காலைப் போட அதை உளியால் செதுக்கித்தான் எடுக்க வேண்டும், பாருங்க, குனிந்து பாருங்க. ஒரு துளி விலகியிருக்கிறதா?

பழைய கால் இருக்கிறது. ஒடிந்த துண்டு. அடுப்பில் போடச் சொன்னார். காய்ந்த வேங்கை, எனக்குப் போட மனம் வரவில்லை, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இருங்க, எடுக்கிறேன்.

இந்தாங்க. கணுவா? கணு இங்கே மேலே இருக்கிறது பாருங்க, கண் மாதிரி. ஒடிந்தது இங்கே. மூன்று விரக்கடை கீழே. கணுவில் ஒடியவில்லை.

நான்தான் கணு என்று சொன்னேன். ஆமாம். சொன்னேன்.

விறகை முழங்காலில் வைத்து ஒடித்திருக்கீங்களா? முழங்கால் படுகிற பக்கம் நசுங்கும். அதற்கு எதிர்ப்பக்கம்தான் நார் கிழிந்து, சீப்புப் பல் மாதிரி நீள நீளமாக நிற்கும். இதில் நார் எந்தப் பக்கம் நிற்கிறது? உள்பக்கம். பிள்ளை கால் இருக்கிற பக்கம். நசுங்கினது இந்தப் பக்கம், வெளியே, வாசல் பக்கம். மரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது அக்கா. எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அப்படியே வைத்திருக்கும்.

நசுங்கின இடத்தில் விரலை வையுங்க. ஒரு குழி இருக்கிறதா? இங்கே, கொஞ்சம் தள்ளி, இன்னொன்று இருக்கிறது. ஆணி அடித்த டயர் செருப்புப் போட்டுக்கொண்டுதான் டிப்போவுக்குப் போவார். இரண்டு குழி.

ஆமாம். இரண்டு.

எனக்குத் தெரியும். சத்தமும் இரண்டுதான் கேட்டது.

எழுதாதீங்க, கொஞ்சம் பேனாவை வையுங்க. முதல் சத்தம் கேட்டபோது அரிசி பாதிதான் உலையில் போட்டிருந்தேன். பாதி கையில் இருந்தது. சாமான் என்று நினைத்தேன். சாமான் மேல்தானே அடிப்பார். அப்புறம் நாற்காலி என்று தெரிந்தது. அது மரத்தின் சத்தம், எனக்குத் தெரியாதா, என் கையால் தட்டி ஏற்றின மரம். பிள்ளை அதில் இருக்கிறாள் என்றும் தெரியும். ஆனாலும் நான் போகவில்லை அக்கா. மிச்ச அரிசியையும் போட்டேன். போட்டு, கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன், அடி பிடிக்கும் என்று. என் நாற்காலி தாங்கும் என்று இருந்தேன். தாங்கியது. முதல் உதைக்கு அது அசையவே இல்லை. அதனால்தான், அது அசையாததனால்தான் அவர் இரண்டாவது...

நான் வந்து பார்த்தபோது குழலு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். படுத்தபடி. பழைய மாதிரி.

“ஏட்டி செல்லக்கனி! தேய்க்கிற சத்தம் நின்னு போச்சே, என்ன பேசுதிய?”

“ஒண்ணுமில்லங்க, கால் பொருந்துதான்னு காட்டுதேன்!”

“போதும் காட்டினது. இங்க வா!”

கூப்பிடுகிறார், போக வேண்டும். நீங்கள் இங்கேயே இருங்க, பிள்ளை பக்கத்திலேயே இருங்க, நான் வரும் வரைக்கும் எழுந்துவிடாதீங்க. அந்த ஒடிந்த காலை நிலத்தில் வைக்காதீங்க, கண்டால் அடுப்பில் போட்டுவிடுவார். உங்கள் பை பெரிய பைதானே, அந்தப் பேப்பருக்கு அடியில், குழி இரண்டும் உள்பக்கமாக இருக்கிற மாதிரி வைத்து, மேலே என் முந்தானைத் துணி ஒன்று தருகிறேன், அதைச் சுற்றி, உங்கள் ஆபீசில் யார் கேட்டாலும் செல்லக்கனி தந்தாள் என்று சொல்லுங்க.